உதடு தெரிகிற டிவி

நூலக்கா வீட்டில் புது டிவி வாங்கப்போகிறார்கள் என்ற செய்தி, நூற்பு மில்லின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்ச் சேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தனைக்கும் யாரும் ஒரு சொல்லைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியும் பயனில்லை. நாற்பது மெஷின் ஒன்றாக ஓடுகிற அந்தக் கூடத்தில், காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் காற்றுதான் வரும், வார்த்தை வராது. அதனால் அங்கே எல்லாரும் உதட்டால் பேசுவார்கள். மூக்கில் பஞ்சுத்தூசி ஏறாமலிருக்கக் கட்டிய துணியைக் கீழே இழுத்துவிட்டு, உதட்டை நன்றாக விரித்தும் குவித்தும் சொன்னால் ஐம்பதடிக்கு அந்தப்பக்கம் நிற்கிறவளுக்குப் புரிந்துவிடும்.

எட்டாவது மெஷினிலிருந்து நூலக்கா "டிவி" என்று வாயசைத்தாள். பதினைந்தாவது மெஷினில் நின்ற வெடி அதைப் பிடித்துக்கொண்டாள்.

"எத்தனை இன்ச்?"

"வாய் தெரியற அளவுக்கு."

"யாரு வாய்?"

"டிவில பேசறவங்க வாய்டி, பைத்தியமே!"

வெடிக்கு அந்தப் பெயர் அவளுடைய சிரிப்பால் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுக் கடைசியில் படாரென்று வெடிப்பாள். மெஷின் சத்தத்தில் அந்தச் சிரிப்பு கேட்காது. தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நூலக்காவின் பெயருக்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஆளும் நூல் மாதிரி, பொழுதும் நூலோடு. பத்தொன்பது வயதில் உள்ளே வந்தவள். இந்த இருபத்தொன்பது வருஷத்தில் எத்தனை லட்சம் தடவை அறுந்த நூலை எடுத்து ஒட்டியிருப்பாள் என்று கேட்டால், "அதை யாரு எண்ணினா? விரலைக் கேளு" என்பாள்.

காதைப் பற்றி மட்டும் அவளிடம் யாரும் பேசக்கூடாது. "கேக்காம என்ன? கேக்குது. சொல்லுதான் தெளிவா வரல" என்று சண்டைக்கு வருவாள். காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்ளச் சொல்லி மில்லில் கொடுக்க ஆரம்பித்ததே பத்து வருஷத்துக்கு முன்னால்தான். அதற்குள் காதில் பாதி மெஷினுக்கே போய்விட்டது. எதிரே நின்று பேசினால் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால்தான் வம்பு.

வீட்டில் இருந்த டிவிக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் பெரிது. அதில் எல்லார் முகமும் பொன்னுக்கு வீங்கி வந்தவன் முகம் மாதிரி உப்பலாக, சிவப்பாக இருக்கும். மூக்கு எங்கே முடிகிறது, வாய் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது. சத்தத்தைக் கூட்டினால் கீழ்வீட்டு டீச்சரம்மா துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பார். குறைத்தால் நூலக்காவுக்கு வெறும் பொம்மைதான். புருஷனும் மகளும் ஒன்றைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். "என்ன சொன்னான்? என்ன சொன்னான்?" என்று நூலக்கா கேட்பாள். "இரு, அப்புறம் சொல்றேன்" என்பார்கள். அந்த அப்புறம் வந்ததே இல்லை.

அதனால் மில்லில் நெடுநாள் வேலை பார்த்தவர்களுக்கென்று முப்பதாயிரம் பரிசாகக் கொடுத்தபோது, அதை என்ன செய்வது என்று அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இனிமேல் என் வீட்டில் நான் யாரிடமும் "என்ன சொன்னான்" என்று கேட்கமாட்டேன். அவ்வளவுதான் முடிவு.

முடிவு அவளுடையது என்றாலும் ஆலோசனை சொல்ல வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். புருஷன் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த பஸ் எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதி எழுதி, எதைப் பார்த்தாலும் வகுத்துப் பார்க்கிற புத்தி. ஒரு இன்ச்சுக்கு என்ன விலை விழுகிறது என்று பழைய டியூட்டி சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டு, "ஐம்பத்தஞ்சு இன்ச்தான் கட்டுப்படியாகுது. மத்ததெல்லாம் ஏமாத்து வேலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மகள் நாலு வருஷம் ஊர் ஊராக, நாடு நாடாகச் சுற்றிவிட்டுப் போன மாதம்தான் வந்திருந்தாள். ஓட்டலில் வேலை, பழத்தோட்டத்தில் வேலை, கப்பலில் வேலை என்று அவள் காலில் கட்டிய சக்கரம் இன்னும் நின்றபாடில்லை. வீட்டுக்குள்ளேயே போனைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடப்பாள். "அம்மா, இன்ச் முக்கியமில்லம்மா. பேனல்தான் முக்கியம். நாலாயிரம் பேர் எழுதியிருக்காங்க, பாரு."

"அதுல வாய் தெரியுமான்னு யாராவது எழுதியிருக்காங்களா?"

மகள் நடப்பதை நிறுத்தி நிஜமாகவே தேடிப் பார்த்தாள். ஒருத்தரும் எழுதவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போனார்கள். வெடியும் கூடவே வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "டிவி வாங்கறதை டிவி மாதிரி பார்க்கலாம்னு வந்தேன்" என்றாள்.

மாடியின் ஒரு பக்கம் முழுக்க டிவி. சுவரில் மேலும் கீழுமாக முப்பது இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடியது. தேன் வழிந்தது. கிளி இறகை விரித்தது. பனிக்கட்டி உடைந்து கடலில் விழுந்தது. நூலக்கா கிட்டே போய் நின்றாள். ஒரு கிளியின் கழுத்தில் இருக்கிற ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிந்தது. இவ்வளவு தெரிகிற இடத்தில் உதடு தெரியாமல் போய்விடுமா?

நீலச்சட்டை போட்ட விற்பனையாளர் கைகூப்பி வரவேற்றார். நாக்கு அவருக்கு வழவழவென்று ஓடியது. கறுப்பு எவ்வளவு கறுப்பு, வெள்ளை எவ்வளவு வெள்ளை, ஒரு நொடிக்கு எத்தனை தடவை படம் மாறும் என்றெல்லாம் அடுக்கினார். நூலக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"எல்லாம் சரி தம்பி. இதுல மனுஷங்களே வரமாட்டாங்களா?"

"வருவாங்கம்மா. இது சும்மா பார்க்கறதுக்குப் போட்டிருக்கோம்."

"பேசற மனுஷங்களைப் போடுங்க. சத்தம் வேணாம்."

"சத்தம் வேணாமா? இதுல ஸ்பீக்கர் ரெண்டு..."

"சத்தம் எனக்குச் சரிப்படாது தம்பி. வாய் வேணும்."

நீலச்சட்டை டைம்கீப்பரைப் பார்த்தார். டைம்கீப்பர், அப்படித்தான், சொன்னதைச் செய்யுங்கள் என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார்.

அவர்கள் கையில் இருக்கிற காசுக்கு இரண்டு டிவியைத்தான் கிட்டத்தில் நெருங்க முடிந்தது. ஒன்று டைம்கீப்பர் கண் வைத்த ஐம்பத்தைந்து இன்ச். கதவைப் படுக்கவைத்த மாதிரி இருந்தது. விலை முப்பதுக்குள். இன்னொன்று மகள் சொன்ன நாற்பத்து மூன்று இன்ச். முப்பத்தாறாயிரம் என்று ஒட்டியிருந்தது. "இதுக்கு மட்டும் ஆறாயிரம் மானத்துலேருந்து விழுமா?" என்று டைம்கீப்பர் முணுமுணுத்தார்.

நீலச்சட்டை பெரியதில் செய்தியையும் சின்னதில் ஒரு குடும்ப நாடகத்தையும் போட்டுவிட்டுச் சத்தத்தை அடக்கினார். நூலக்கா தரையில் பதித்த கல்லை எண்ணிக்கொண்டே பின்னால் நடந்து, பதினோராவது கல்லில் நின்றாள். ஒரு கல் ஓரடி; வீட்டில் பெஞ்சிலிருந்து சுவர் பதினோரு அடி. "கொஞ்சம் ஒதுங்கிக்கங்க, மறைக்குது" என்று குறுக்கே வந்த இரண்டு பேரை விலக்கினாள்.

முதலில் பெரியது. செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் அண்டா அகலம். ஓரமெல்லாம் கொஞ்சம் கலங்கலாக, பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தது. ஆனாலும் நூலக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"பாலத்துல வேலை நடக்கறதால... என்னமோ ஒண்ணு... வண்டியெல்லாம் சுத்திப் போகணும். மூணு நாளைக்கு. அப்புறம் மழை. மத்தியானத்துக்கு மேல மழை."

நீலச்சட்டை நம்பாமல் ஒரு நொடி சத்தத்தைத் திறந்தார். "...பிற்பகலுக்குப் பிறகு மழைக்கு வாய்ப்புள்ளது" என்றது டிவி. பக்கத்தில் மிக்சி பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி மிக்சியை விட்டுவிட்டு இந்தப்பக்கம் வந்துவிட்டார்கள்.

அடுத்தது சின்னது. நாடகத்தில் ஒரு மாமியார் பேசிக்கொண்டிருந்தாள். அடேயப்பா, என்ன தெளிவு! உதட்டுச்சாயம் எந்த இடத்தில் கோட்டைத் தாண்டியிருக்கிறது என்பதுகூடத் தெரிந்தது. நூலக்கா ஆசையோடு பார்த்தாள். பார்த்தாள். இன்னும் இரண்டு கல் முன்னால் போய்ப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மாமியார் போய் மருமகள் வந்தாள். அவள் உதடும் அழகாக அசைந்தது. அதிலும் ஒன்றும் இல்லை.

அவள் முகம் தொங்கிவிட்டது. "பார்க்க லட்சணமா இருக்கு. ஆனா பொய் சொல்லுது" என்றாள்.

"டிவி எப்படிம்மா பொய் சொல்லும்?" என்றாள் மகள்.

"எனக்கு என்ன தெரியும்? வாய் அசையுது, பேச்சு வரல."

டைம்கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை. "நான்தான் சொன்னேன்ல! இன்ச்சு, இன்ச்சு! பில்லைப் போடுங்க தம்பி, ஐம்பத்தஞ்சு!" நீலச்சட்டை பில் புத்தகத்தை எடுத்தார். மகள், "அது நல்ல பேனல்ப்பா, நாலாயிரம் பேர்..." என்று ஆரம்பித்தாள். "நாலாயிரம் பேரும் உங்கம்மா மாதிரி வாயைப் பார்த்தாங்களா?" என்று அப்பா அவள் வாயை அடைத்துவிட்டார்.

நூலக்கா மட்டும் இரண்டு டிவிக்கும் நடுவில் நின்றபடியே நின்றாள். மனசு ஒப்பவில்லை. மில்லில் நூலை முறுக்கிச் சுற்றுகிற ஒரு கதிரில் நூல் அறுந்துகொண்டே இருந்தால், புதிதாக வந்தவள் மெஷினைத் திட்டுவாள். அனுபவப்பட்டவள் திட்டமாட்டாள். மேலே தொங்குகிற, பஞ்சுத்திரி சுற்றிய பாபினைக் கழற்றிப் பக்கத்துக் கதிருக்கு மாற்றுவாள். அறுப்பு பாபினோடு கூடவே போனால் பஞ்சில் கோளாறு. அங்கேயே இருந்தால் கதிரில் கோளாறு. இதைச் செய்யாமல் மெஷினைக் குற்றம் சொன்னால் மேஸ்திரி சிரிப்பார்.

"தம்பி, எழுதாதீங்க" என்றாள். "மாத்திப் போடுங்க."

"எதைம்மா?"

"இதுல ஓடறதை அதுல. அதுல ஓடறதை இதுல."

வெடி கையைத் தட்டிவிட்டாள். "அட ஆமா! பாபினை மாத்துங்க சார், பாபினை!"

நீலச்சட்டைக்குப் பாபின் என்றால் என்னவென்று தெரியாவிட்டாலும் ரிமோட்டை அழுத்தத் தெரிந்தது. செய்தி சின்ன டிவிக்கு வந்தது. நூலக்கா பதினோராவது கல்லுக்குத் திரும்பிப் போனாள். அங்கே போய்ச் சேருவதற்குள்ளேயே அவளுக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது. யாரோ கண்ணாடியைத் துடைத்துவிட்ட மாதிரி வார்த்தைகள் சரம்சரமாக வந்தன. பாலத்தில் நின்று பேசுகிற நிருபர் சொன்னதெல்லாம் வந்தது. அவருக்குப் பின்னால், தூரத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்த ஒரு ஆள் சொன்னதும் வந்தது.

"பின்னாடி நிக்கறான் பாருங்க, பச்சைச் சட்டை. 'நான் ஆபீஸ்லதான் இருக்கேன்'னு சொல்றான்!"

மிக்சி பார்க்க வந்த தம்பதி கொல்லென்று சிரித்தார்கள். மகள் துள்ளிக் குதித்தாள். "அப்ப அந்த நாடகம்?" என்று எல்லாரும் பெரிய டிவியைப் பார்த்தார்கள். மாமியார் அங்கேயும் ஒன்றும் சொல்லாமல்தான் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் கிட்டே போய்ப் பார்த்தாள். திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மா! இவ பேசறது நம்ம பாஷையே இல்லம்மா. நான் எட்டு மாசம் இருந்தேன்ல, அந்த ஊரு நாடகம். அங்க தினமும் ஓடும். நம்ம ஆளுங்க குரல் குடுத்திருக்காங்க." நீலச்சட்டை சத்தத்தைத் திறந்தார். மாமியார் வாயை மூடின பிறகும் அவள் குரல் இன்னும் கால் நிமிஷம் திட்டிக்கொண்டிருந்தது.

நூலக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இருபத்தொன்பது வருஷம் உதடு பார்த்தவ! எந்தப் பாஷை உதடுன்னு பார்க்காம விட்டுட்டேனே! பாவம், நல்ல டிவியைப் போய்ப் பொய்யின்னு சொல்லிட்டேன்" என்று சின்ன டிவியின் ஓரத்தை ஒரு தடவு தடவிக் கொடுத்தாள்.

டைம்கீப்பருக்கு இப்போது வேறு கவலை. "எல்லாம் சரி. ஆறாயிரம்?"

நீலச்சட்டை குரலைத் தாழ்த்தினார். "இது காட்சிக்கு வச்சிருந்த பீஸ்தான் சார். மேனேஜர்கிட்ட கேட்டுப் பார்க்கறேன். பெரிசா எதிர்பார்க்காதீங்க."

மாடியின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. அதற்குள் மேனேஜர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நீலச்சட்டை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை. டைம்கீப்பர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மகள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். நூலக்காவும் வெடியும் மட்டும் அசையாமல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கொஞ்ச நேரத்தில் வெடியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நூலக்கா அவள் இடுப்பில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

நீலச்சட்டை வெளியே வந்தார். முகத்தில் ரொம்பப் பாடுபட்ட களைப்பு. "கெஞ்சிக் கூத்தாடிக் கேட்டேன்மா. உங்களுக்காக முப்பத்துநாலு. இதுக்கு மேல ஒரு காசு இறங்காது."

"முப்பது" என்றாள் நூலக்கா. "சுவர்ல மாட்டற ஸ்டாண்டு சும்மா."

"ஐயோ, முப்பதெல்லாம்..."

"'முப்பத்துநாலுல ஆரம்பி. முப்பது வரைக்கும் போ. கேட்டா மட்டும் ஸ்டாண்டு குடு.' நான் கேக்கறேன் தம்பி. குடுங்க."

நீலச்சட்டையின் வாய் திறந்தது. ஆனால் அதிலிருந்து படிப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் மெதுவாகக் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து மேனேஜரும் இவர்களைப் பார்த்தார். எழுந்து வந்து கண்ணாடிக்குத் திரைச்சீலையை இழுத்துவிட்டார். இழுப்பதற்கு முன்னால் அவர் சொன்ன ஒரு வார்த்தையையும் நூலக்காவும் வெடியும் படித்துவிட்டார்கள். வெடி அப்போதுதான் வெடித்தாள். மெஷின் சத்தம் இல்லாத இடத்தில் அந்தச் சிரிப்பை முதல்முதலாகக் கேட்ட டைம்கீப்பர் நடுங்கிப்போனார்.

"அவங்க பேசறதைத் திருட்டுத்தனமா பார்க்கலாமாடி?" என்று படியில் இறங்கும்போது கேட்டார். பாதி கண்டிப்பு, பாதி பெருமை.

"கண்ணாடி அறையில உக்காந்து நேரா என் முகத்தைப் பார்த்துப் பேசினா நான் என்னங்க பண்றது? கண்ணை மூடிக்கவா?"

மறுநாள் காலையிலேயே டைம்கீப்பர் சுவரில் ஓட்டை போட்டார். முதல் ஓட்டை சாய்ந்துவிட்டது. அதை மறைக்கப் போட்ட இரண்டாவது சரியாக விழுந்தது. நூலக்கா டேப்பைப் பிடித்துப் பெஞ்சை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளி வைத்தாள். சாயங்காலம் ஊர் அணி விளையாடுகிற கால்பந்து ஆட்டம். வெடி வறுத்த கடலைப் பொட்டலத்தோடு வந்து, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். கூட்டத்தின் இரைச்சலில் வர்ணனை சொல்கிறவருடைய குரலே அமுங்கிப் போயிருந்தது. மகள் சத்தத்தைக் கூட்டப் போனாள். "வேணாம், கீழ்வீட்டு டீச்சரம்மா தூங்கட்டும்" என்றாள் நூலக்கா.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் நடுவர் ஊர் அணிக்கு எதிராக விசில் ஊதினார். ஊர் அணியின் கேப்டன் அவர் முன்னால் போய் நின்றான். கேமரா அவன் முகத்துக்கு நெருங்கியது. தாடையில் வழிகிற வியர்வை தெரிந்தது. அவன் ஏதோ சொன்னான். நடுவர் பதிலுக்கு ஒன்று சொன்னார். அதற்குக் கேப்டன் சொன்னதுதான் சொல்.

நூலக்கா "ஐயய்யோ!" என்று அலறிவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

டைம்கீப்பரும் மகளும் திரையைப் பார்த்தார்கள். அவளைப் பார்த்தார்கள். மறுபடியும் திரையைப் பார்த்தார்கள். அவர்களுக்குக் கேட்டதெல்லாம் கூட்டத்தின் ஓ என்ற சத்தம்தான்.

"என்ன சொன்னான்?" என்றார் டைம்கீப்பர்.

"சொல்லக்கூடாது."

"அம்மா, சொல்லும்மா!"

"வயசுப் பொண்ணுகிட்ட சொல்ற வார்த்தையா அது? போடி."

"நாலு வருஷம் கப்பல்ல இருந்தவம்மா நான்!"

"கப்பல்லகூட இப்படிப் பேசமாட்டாங்க."

ஜன்னலோரம் இருந்த வெடிக்கு வெயில் கண்ணில் அடித்ததால் அந்த இடம் தவறிப்போய்விட்டது. அவள் தவித்தாள். நூலக்கா அறையின் இந்தப்பக்கத்திலிருந்து அவளைப் பார்த்தாள். முந்தானையைக் கீழே இழுத்துவிட்டு, உதட்டை நன்றாக விரித்தும் குவித்தும், ஒரு சத்தமும் இல்லாமல், கேப்டன் சொன்னது முழுவதையும் சொன்னாள். நடுவரின் பாட்டியைப் பற்றி வந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்.

வெடி இரண்டு நொடி தாக்குப்பிடித்தாள். பிறகு கடலைப் பொட்டலம் ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். கீழ்வீட்டுக் கூரை டொக் டொக்கென்று இடிபட்டது.

"இது நல்லா இருக்கே!" என்றார் டைம்கீப்பர். "என் வீட்டு டிவியில எனக்கே தெரியாம ரெண்டு பேர் படம் பார்க்கறீங்க. ஏய், மெதுவா காதுல மட்டும் சொல்லேன்."

"அப்புறம் சொல்றேங்க" என்றாள் நூலக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளிக்கங்க. நடுவர் பதில் சொல்லப்போறார்."